வரலாறு, கணக்கு, சுற்றுச்சூழல் மூன்றுக்கும் சேர்த்து நடத்த ஏதாவது இருக்கிறதா?

எட்டாம்வகுப்பு:
வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வரலாறு எடுக்கும் டீச்சரும் சுற்றுச்சூழல் எடுக்கும் சாரும் நானும் சேர்ந்து இரண்டு வாரம் ஒரே தலைப்பில் பாடம் நடத்தலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். வலையில் வீடியோவும் பயிற்சித்தாளும் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எதை எடுத்தாலும் கணக்கு ஒப்புக்குத்தான் நிற்கிறது, ஓர் அரசர் எத்தனை ஆண்டு ஆண்டார் என்று கழித்துச் சொல்வதோடு சரி. வகுப்பில் ப்ரொஜெக்டர் உண்டு, பிள்ளைகளிடம் கணினி கிடையாது, அச்செடுத்துக் கொடுக்க முடியும். மூன்று பாடமும் நிஜமாகவே தேவைப்படுகிற மாதிரி ஏதாவது நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழையவரைபடம்:
லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோவின் காலரா வரைபடத்தை எடுங்கள் சார். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது எந்தெந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் குறித்த படம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு, வீட்டு வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தெருவோரத் தண்ணீர்ப் பம்புகளும் அதில் உண்டு. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் தாராளமாக அச்செடுக்கலாம்.

முதல் நாள் இது என்ன படம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். தலைப்பை மறைத்து, நான்கு பேருக்கு ஒரு படம் கொடுத்து, கோடுகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் கணக்கு: பக்கத்துப் பக்கத்துப் பம்புகளை இணைத்து அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரையச் சொன்னால், ஒவ்வொரு பம்புக்கும் எது 'அருகில் உள்ள பகுதி' என்று தானாகவே பிரிந்துவிடும். காலரா பரவக் காரணம் என்று ஸ்நோ சந்தேகப்பட்ட பிராட் தெருப் பம்பின் பகுதிக்குள் எத்தனை கோடுகள், வெளியே எத்தனை என்று எண்ணி விழுக்காடு போடலாம். ஆனால் மனிதர்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு நேர்கோட்டில் தண்ணீருக்குப் போவதில்லையே, அதனால் அடுத்த பீரியடில் ஒரு நூலைத் தெருவழியே வளைத்து வளைத்து வைத்து அளக்கச் சொல்லுங்கள். எல்லைக்கோடு கொஞ்சம் நகரும். ஸ்நோவும் தன் திருத்திய வரைபடத்தில் நடந்து போகும் தூரத்தை வைத்துத்தான் எல்லை போட்டார்.

இதைவிட முக்கியம் விதிவிலக்குகள். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 500 பேருக்கு மேல் இருந்தும் இறந்தவர்கள் 5 பேர்தான், ஏன்? எங்கேயோ தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் இறந்தார், ஏன்? விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது, மூதாட்டிக்கு அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப் போய் வரவழைத்துக் குடித்தார். பதிலைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்கள், பிள்ளைகளே யோசித்து நெருங்கி வருவார்கள்.

ஆவணக்காரர்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன், வரலாற்றுப் பக்கம் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்நோ பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், உடனே காலரா நின்றது என்று பல இடங்களில் கதை மாதிரி எழுதியிருப்பார்கள், அதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8. அதற்கு முன்பே சாவுகள் குறைந்துகொண்டிருந்தன, மக்கள் பலர் ஊரைக் காலி செய்து போயிருந்தார்கள், ஸ்நோவே இதை எழுதியிருக்கிறார். நாள்வாரியான சாவுப் பட்டியல் கிடைக்கிறது, அதைக் கிராஃப் ஷீட்டில் வரையவிட்டு 8ஆம் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கைப்பிடியா காரணம் என்று அப்போது கேட்டால் வகுப்பில் நல்ல சண்டை நடக்கும். நாற்றம் பிடித்த காற்றால்தான் நோய் வருகிறது என்று அன்றைய அதிகாரிகள் நம்பினார்கள். அவர்களை முட்டாள்களாகக் காட்டவும் வேண்டாம், காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் காட்டியது 1880களில்தான்.

மண்ணும்நீரும்:
பிராட் தெருப் பம்பின் கிணற்றிலிருந்து மூன்று அடிகூட இல்லாத தூரத்தில் ஒரு கழிவுக்குழி இருந்தது, அதன் செங்கல் கட்டு சிதைந்து போயிருந்தது என்று பிறகு தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது. சுற்றுச்சூழல் பாடம் இந்த மூன்று அடியில்தான் இருக்கிறது. ஒரு கண்ணாடித் தொட்டியில் பருமணலை நிரப்பி, பாதிவரை தண்ணீர் விட்டு, ஒரு மூலையில் ஸ்ப்ரே பாட்டிலின் பம்பைக் குழாயோடு செருகி வையுங்கள். குழாய் நுனியில் துணி சுற்றாவிட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். எதிர் மூலையில் நீல மையைக் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் தெளிந்த தண்ணீர்தான் வரும், அப்புறம் நீலம் வரும். எத்தனை அழுத்தலில் நிறம் மாறியது என்று எழுதி, மை ஊற்றும் தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் கணக்குக்கும் தரவு கிடைத்துவிடும்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958இலிருந்து அளந்துவரும் கார்பன் டை ஆக்சைடு அட்டவணையும் இலவசமாகக் கிடைக்கிறது, கிராஃபுக்கு அருமை. ஆனால் உங்கள் வரலாற்று டீச்சருக்கு அதில் வேலை குறைவு.

எட்டாம்வகுப்பு:
இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு தயக்கம்: 600 பேருக்கு மேல் இறந்த நிகழ்ச்சி, ஒவ்வொரு கோடும் ஒரு மனிதர். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதை எப்படி எடுப்பது?

ஆவணக்காரர்:
எண்ண ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் கோடுகளை மரியாதையோடு தொடுவார்கள். அக்காலத்துப் பயங்கரப் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். இன்று காலராவுக்கு உடனே சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை என்பதையும் அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமாகத் தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கும் கரைசலை அவசரத்துக்கு வீட்டில் கலக்கும் அளவு இதுதான். அரை லிட்டருக்கு எவ்வளவு, இரண்டரை லிட்டருக்கு எவ்வளவு என்று உங்கள் பீரியடில் விகிதக் கணக்காகவே போட்டுவிடலாம் சார்.