ப்ளூமிங்டனுக்கு அனுப்பிய பார்சல் 'டெலிவர்டு' என்கிறது, மகளுக்கு வரவில்லை. உதவி தேவை

நெல்லை_அப்பா: அவசரம். மகள் ஆகஸ்டில் ப்ளூமிங்டனில் எம்.எஸ். சேர்ந்தாள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு ஸ்வெட்டர், எல்லாம் சேர்த்து நாலரைக் கிலோ கூரியரில் போட்டேன். நேற்று 'டெலிவர்டு' என்று காட்டுகிறது. அவள் வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லை. கடையில் கேட்டால் "போய்ச் சேர்ந்துடுச்சு சார்" என்பதோடு சரி. என்ன செய்வது?

மேப்பிள்மரம்: எந்த மாநிலம் சார்?

கும்பகோணம்_குமார்: ஊறுகாய் வைத்தீர்களா, அதுதான். எண்ணெய் கசிந்தால் பெட்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது.

நெல்லை_அப்பா: கசியாது, மூன்று கவர் போட்டுக் கட்டினோம். மாநிலம் என்றால், அமெரிக்காதான்.

மேப்பிள்மரம்: அது நாடு சார் 🙂 பில்லில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமும் இருக்கும், பாருங்கள்.

ஜிப்கோடு_ஐயா: வருடத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா? இண்டியானா ப்ளூமிங்டனில் இண்டியானா பல்கலைக்கழகம். இல்லினாய் ப்ளூமிங்டனில் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம். மினசோட்டா ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா. இவை பெரிய மூன்று மட்டும்தான். 1963-இல் ஜிப் கோடு, அதாவது அங்கத்திய பின்கோடு, கொண்டுவந்ததே தபால் பிரிப்பதற்குத்தான். முகவரி என்றால் அதையும் சேர்த்துத்தான்.

சிவகாசி_சிவா: அண்ணே, இண்டியானாவுக்கு ஐ.என். என்று சுருக்கம். இந்தியாவுக்கும் நாட்டுக் குறியீடு ஐ.என்.தான். பெட்டி திரும்ப இங்கேயே வந்துவிட்டது, நூறு சதவீதம்.

மேப்பிள்மரம்: வந்திருந்தால் அங்கே 'டெலிவர்டு' ஆகியிருக்குமா தம்பி?

நெல்லை_அப்பா: பில்லைத் தேடி எடுத்தேன். கார்பன் தாள் மங்கல். 61701 என்று இருக்கிறது. மகள் வாட்சப்பில் அனுப்பியது 47408. கடைப் பையன் ஊர்ப் பெயரை அடித்தான், கம்ப்யூட்டரே மீதியைப் போட்டுக்கொண்டது.

ஜிப்கோடு_ஐயா: 61701 இல்லினாய். 4-இல் தொடங்குவது இண்டியானா பக்கம், 6 இல்லினாய் பக்கம். இதற்குத்தான் படித்துப் படித்துச் சொல்கிறேன்.

மேப்பிள்மரம்: தெரு என்ன? கதவு எண் வேண்டாம், தெரு மட்டும்.

நெல்லை_அப்பா: வாஷிங்டன் தெரு. முன்னால் ஏதோ 'நார்த்' என்று இருந்தது, அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

மேப்பிள்மரம்: சரி, புரிந்துவிட்டது. இரண்டு ஊரிலும் வாஷிங்டன் தெரு உண்டு. இண்டியானாவில் வடக்கு, தெற்கு. இல்லினாயில் கிழக்கு, மேற்கு. 'நார்த்' இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இல்லினாயில் அதே எண் உள்ள வீட்டு வாசலில் உங்கள் பெட்டி இருக்கிறது. டெலிவரி செய்த நிறுவனத்தின் அமெரிக்க எண்ணுக்கு மகளையே பேசச் சொல்லுங்கள், தவறான முகவரி என்று புகார் பதிந்தால் போய் எடுப்பார்கள். காரில் மூன்றரை மணி நேர தூரம், நேரே போக வேண்டாம்.

சிவகாசி_சிவா: நம்ம ஊரில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர்! பின்கோடு இல்லாவிட்டால் நாமும் இதே கதிதான். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர் எல்லா மாநிலத்திலும் இருக்கிறதாமே?

ஜிப்கோடு_ஐயா: பொய். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை எண்ணியதில் ஸ்பிரிங்ஃபீல்டு 34 மாநிலங்களில்தான். ரிவர்சைடு 46-இல். அலாஸ்கா, ஹவாய், லூசியானா, ஓக்லஹோமா நான்கில் மட்டும் இல்லை.

கும்பகோணம்_குமார்: ஆறு ஓடுகிற இடமெல்லாம் ரிவர்சைடுதானே, அதை ஒரு பெயராக எண்ணலாமா? போர்ட்லாண்டுதான் சுவாரசியம். 1845-இல் ஓரிகானில் இரண்டு பேர் காசு சுண்டினார்கள். ஒருத்தர் பாஸ்டன் என்று வைக்க ஆசைப்பட்டார், இன்னொருத்தர் தன் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்டை. மூன்றில் இரண்டு சுண்டலில் போர்ட்லாண்டு ஜெயித்தது.

ஜிப்கோடு_ஐயா: எண்ணலாம். பெயர் பெயர்தான். இழையைத் திசை திருப்ப வேண்டாம்.

கும்பகோணம்_குமார்: திருப்பியது நீங்கள்தான் ஐயா, ரிவர்சைடு பட்டியல் நான் கேட்கவில்லை.

நெல்லை_அப்பா: மகள் பேசிவிட்டாள். அந்த வீட்டு அம்மா பெட்டியை எடுத்து உள்ளே வைத்திருக்கிறாராம், இந்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறார்களாம். தன் பெயருக்கு வந்தது என்று நினைத்து ஒரு பருப்புப் பொடி பாக்கெட்டைப் பிரித்துவிட்டாராம். அது என்ன, எப்படிச் சாப்பிடுவது என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவசரம், ஆபீஸ் போகணும்.

சிவகாசி_சிவா: நெய் ஊற்றி என்று சொன்னாளா?