‘ஸ்டாபல்மார்க்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். ஆம்ஸ்டர்டாம் நகர வரலாறு பற்றிய பாட அத்தியாயம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கானது. இரண்டு டச்சுச் சொற்களில் வேலை நிற்கிறது.

ஒன்று ‘ஸ்டாபல்ரெக்ட்’. ஆற்றுவழி வரும் படகு டோர்ட்ரெக்ட் நகரைத் தாண்டிப் போக முடியாது. சரக்கைக் கரையில் இறக்கி அங்கேயே விலைக்கு வைக்க வேண்டும். 1299இல் ஹாலந்துப் பிரபு அந்நகருக்குக் கொடுத்த உரிமை இது.

மற்றது ‘ஸ்டாபல்மார்க்ட்’. இது ஆம்ஸ்டர்டாமின் கதை. அங்கே அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியர் கையில் விழுந்து, ஷெல்ட் ஆற்றின் வாய் அடைபட்ட பிறகு வணிகர் வடக்கே வந்தனர். டான்சிக் தானியம், நார்வே மரம், மலுக்குத் தீவுகளின் கிராம்பு, சோழமண்டலத் துணி எல்லாம் கிடங்கேறி, விலை பார்த்து, மறுபடி கப்பலேறின.

‘ஸ்டாபல்’ என்றால் குவியல், அடுக்கு. என் வரைவில் ‘இறக்குரிமை’, ‘குவிசந்தை’ என்று வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

வேங்கை:
‘இறக்குரிமை’ யாருடைய உரிமை? மாணவர் படித்தால் படகுக்காரன் சரக்கை இறக்கிக்கொள்ளும் உரிமை என்றுதான் கொள்வார். நடந்தது நேர்மாறு. உரிமை ஊருக்கு, கட்டாயம் படகுக்காரனுக்கு. ஊர் செய்வது மறித்தல். ஆகவே ‘மறிப்புரிமை’.

‘குவிசந்தை’ எனக்கு உடன்பாடில்லை. சந்தை என்பது வாரத்தில் ஒரு நாள் கூடிக் கலைவது. ஆண்டு முழுதும் நடப்பதற்கு நம்மிடம் அங்காடி இருக்கிறது; பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு வளர்ந்த சொல். பட்டினப்பாலையைப் பாருங்கள்: ‘நீரினின்றும் நிலத்தேற்றவும், நிலத்தினின்று நீர்ப்பரப்பவும், அளந்தறியாப் பல பண்டம் வரம்பறியாமை வந்தீண்டி’. ஸ்டாபல்மார்க்டுக்கு இதைவிட நல்ல வரையறை வேண்டுமா? ‘ஈண்டுதல்’ திரளுதல். ஈண்டு + அங்காடி = ‘ஈண்டங்காடி’.

ஆம்பல்:
வேங்கை ஐயா, அழகான சொல். ஆனால் முதலாண்டு மாணவருக்கு ‘ஈண்டு’ என்றால் ‘இங்கே’. ஈண்டங்காடி அவர் கண்ணுக்கு ‘இங்குள்ள கடை’.

பட்டினப்பாலைக் காட்சியும் முழுக்கப் பொருந்தாது. அடுத்த வரிகளில் வருவது ‘புலிபொறித்துப் புறம்போக்கி’. அது சுங்க முற்றம். முத்திரை பதித்ததும் மூட்டை வெளியே போகிறது. ஆம்ஸ்டர்டாமில் மூட்டை தங்குகிறது. தங்குவதில்தான் அந்த ஊரின் தொழிலே இருக்கிறது.

தானியத்தை எடுத்துக்கொள்வோம். அதை அளந்தது ‘லாஸ்ட்’ கணக்கில். ஒரு லாஸ்ட் ஏறக்குறைய 30 ஹெக்டோலிட்டர். ரை தானியமானால் சுமார் 2 டன். கப்பலிலிருந்து தோணிக்கு மாற்றி, கால்வாய் வழியே கிடங்கு வாசலுக்குக் கொண்டுவந்து, கூரை முகப்பில் நீட்டிய உத்தரத்துக் கப்பி வழியாக மேல்தளங்களுக்கு ஏற்றுவார்கள். அங்கே பல வீடுகளின் முகப்பு தெருப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். தூக்கும் மூட்டை சுவரில் இடிக்காமல் இருக்க அது உதவும். ஏற்றிய தானியத்தைச் சும்மா விடமுடியாது. ஈரத்தோடு ஆழமாகக் குவித்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், முளைவிடும். மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எடையும் சிக்கல்தான்: 1661 வாக்கில் மரத்தூண் அடித்தளத்தின்மேல் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பனியின் கடல்கிடங்கு 1822இல் இடிந்து விழுந்தது.

பனையோலை:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. ‘மறிப்புரிமை’ விளங்குகிறது, ஆனால் எங்கள் பக்கம் ‘மறியல்’ என்றால் சிறை, ‘விளக்கமறியல்’ என்றால் வழக்கு முடியுமுன் காவலில் வைப்பது. ‘சரக்கு’ என்ற சொல்லை முன்னால் போட்டு ‘சரக்குமறிப்புரிமை’ என்றால் குழப்பம் வராது.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) சொல்லையே எடுத்தால் என்ன என்றும் கேட்கத் தோன்றுகிறது. ‘கந்தோர்’ (அலுவலகம்), ‘லாச்சி’ (மேசை இழுப்பறை) எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. ‘துட்டு’ அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற செப்புக்காசு. அது தமிழில் இல்லையென்று யார் சொல்வார்?

வேங்கை:
துட்டு கையில் புழங்கி வந்த சொல். ஸ்டாபல்மார்க்ட் எந்தத் தமிழர் வாயிலும் புழங்கவில்லை. இரண்டும் ஒன்றாகா.

கிடங்கு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சிலம்பில் ‘மிளையும் கிடங்கும்’ என்று வரும்போது அது அகழி. குழி, அகழி, பிறகு நிலத்தடிச் சேமிப்பு, பிறகு பண்டசாலை என்று பொருள் நகர்ந்திருக்கலாம். மலாயில் ‘கூடாங்’, ஆங்கிலேயர் வாயில் ‘கொடவுன்’, திரும்பி வந்து நம்மிடம் ‘கிட்டங்கி’. சொல்லே கப்பலேறிப் போய் வந்திருக்கிறது. ‘கிடங்கங்காடி’ என்றுகூட யோசிக்கலாம்.

நெய்தல்:
ஐயா, கிடங்கங்காடியை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறுகிறது. ‘பேரங்காடி’ ஏற்கெனவே சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. ‘இருப்புச்சந்தை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். இரும்பு + பாதை ‘இருப்புப்பாதை’ ஆவதுபோல, அது இரும்புச் சந்தையாகவும் படும். ஆக, விலக்கிவிட்டேன்.

எழுத்து பற்றி: ‘குவிச்சந்தை’ என்று மெய்ப்பு பார்ப்பவர் திருத்தியிருக்கிறார். இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. குவிசந்தைதான்.

ஆம்பல்:
இலக்கணம் சரி. எனக்கு வேறொரு கவலை. ‘குவி’ என்று வைத்தால் ஒரு கொள்கைக்குக் கையெழுத்துப் போடுகிறோம். சரக்கு மலைபோலக் குவிந்ததால்தான் ஆம்ஸ்டர்டாம் உயர்ந்தது என்பது பழைய விளக்கம். அண்மைக்கால ஆய்வாளர் சிலர், குவிந்தது சரக்கைவிடச் செய்தி என்கிறார்கள். 1609இல் நாணய மாற்று வங்கி. 600 கில்டருக்கு (டச்சு நாணயம்) மேற்பட்ட உண்டியல், அதாவது பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு, எல்லாம் அதன் கணக்கு வழியாகத்தான் தீரவேண்டும். 1611இல் புதிய பங்குமாளிகை, 1617இல் தானிய மாளிகை. தானிய மாளிகையில் வணிகர் பார்த்தது மாதிரித் தானியத்தை, மூட்டைகள் கிடங்கில். எந்த ஊரில் என்ன விலை என்ற அச்சடித்த பட்டியல் வணிகர் கையில் இருந்தது. பெரிய கப்பல்களோ துறைமுகத்துக்கு வரும் வழியிலிருந்த பாம்புஸ் மணல்திட்டைத் தாண்ட முடியாமல் தவித்தன. 1690இல் கப்பலின் இருபுறமும் மிதவைகளைக் கட்டித் தூக்கும் ‘ஒட்டகங்கள்’ வந்த பிறகே கொஞ்சம் எளிதாயிற்று. துறைமுகம் அப்படியொன்றும் வசதியானதல்ல. அப்படியிருந்தும் அங்கே வந்தார்கள் என்றால் விலை தெரியும் இடம் அது என்பதால்தான். ‘தங்குசந்தை’ என்றால் சரக்கும் தங்கும், செய்தியும் தங்கும்.

பனையோலை:
தங்குசந்தை நல்லது. ஆனால் டச்சு மூலத்தில் குவியல் இருக்கிறதே. மூலச்சொல் தவறான கொள்கையைச் சுமந்தாலும் மொழிபெயர்ப்பு அதைக் காட்ட வேண்டாமா? அந்த மறுப்பை ஆசிரியர் அத்தியாயத்துக்குள் எழுதட்டும்.

நெய்தல்:
இதுவரை வந்த கணக்கு: குவிசந்தைக்கு நான்கு பேர் (இருவர் தனிமடலில்), தங்குசந்தைக்கு இருவர், ஈண்டங்காடிக்கு ஒருவர். வெள்ளிக்கிழமை நெருங்குவதால் குவிசந்தை, சரக்குமறிப்புரிமை என்று அனுப்புகிறேன். ஆம்பல் அம்மா சொன்ன மறுப்பு அடிக்குறிப்பில் வரும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமில் நிற்காமல் ஹாம்பர்க், லண்டன் என்று நேரே போகத் தொடங்கின. டச்சுக்காரர் இதை ‘ஃபோர்பெய்லண்ட்ஃபார்ட்’, கரையைக் கடந்து ஓடுதல், என்றார்கள். ‘கடந்தோட்டம்’ சரிவருமா?

வேங்கை:
கடந்தோட்டம் வேண்டாம், ஓட்டப்பந்தயம்போல் ஒலிக்கிறது. ‘கரைவிலகல்’ என்று வையுங்கள். குவிசந்தைக்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். மறுபதிப்பு வரும்போது ஈண்டங்காடியை மீண்டும் கொண்டுவருவேன்.

ஆம்பல்:
‘கரைவிலகல்’ என்றால் கடல் பின்வாங்குவது அல்லவா?