புளுகு ஆட்டம் உருவாக்கி விளையாடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

கவிழ்த்தசீட்டு:
1 முதல் 6 வரை, எண்ணுக்கு ரெண்டு, மொத்தம் 12 சீட்டு. கவிழ்த்து வச்சு ஒரு எண் சொல்லணும். எதிராளி விட்டுட்டா வச்சவருக்கு 1 புள்ளி. பொய் பிடிபட்டா 1 போச்சு. தப்பா "பொய்"னு சொன்னா சொன்னவருக்கு 2 போச்சு. அக்காவோட ஆடினேன். மூணு தடவை "பொய்"னேன், ஆறு புள்ளி காலி. கடைசிச் சீட்டை நான் வாய் திறக்குமுன்னே அவளே திருப்பினா. "இதுவரைக்கும் நான் ஒரு பொய்கூட சொல்லலடா." இன்னும் காதுல கேக்குது. என் ஆட்டத்துல பொய் சொல்லத் தேவையே இல்லை! இப்போ முன்னவர் சொன்னதைவிடப் பெரிய எண்தான் சொல்லணும்னு மாத்தியிருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் திருத்தம் சரிவராது. வேற வழியில்லாம சொல்ற பொய்யை யாரும் மோப்பம் பிடிச்சுடுவாங்க. சொன்ன எண்ணே புள்ளின்னு வைங்க, ஆசை தானா வரும். கணிதவியலாளர் ஹரால்ட் கூன் 1950-ல எழுதின, மூணே சீட்டு வச்ச போக்கரைப் (பந்தயச் சீட்டாட்டம்) பாருங்க: ஜாக், ராணி, ராஜா. ஆளுக்கு ஒரு சீட்டுதான். ராஜாவை வச்சு மூணு தடவை பந்தயம் ஏத்தினா, எல்லாத்துக்கும் சின்ன ஜாக்கை வச்சுப் புளுகி ஒரு தடவை ஏத்தணும். அதுக்கு மேல புளுகினா எதிராளி துணிஞ்சு நிப்பான், குறைச்சா ராஜாவுக்கு ஒருத்தனும் காசு கட்ட மாட்டான். அதே கணக்கை உங்க 2-க்கும் 1-க்கும் போட்டுப் பாருங்க. நான் செஞ்ச ஆட்டமா? தண்டனையைக் கூட்டிக் கூட்டி, கடைசியில யாரும் "பொய்"னு சொல்லவே பயந்தாங்க.

சின்னவிரல்:
எட்டு வயசுப் பொண்ணோட ஆடினேன். தன் சீட்டைத் தானே பார்க்காம வச்சு, "அஞ்சு"ன்னா. அவ முகத்துல படிக்க ஒண்ணுமே இல்லை. அது பொய்யா? விதியில அதுக்கு இடம் வைக்கல நான்.

மூன்றாம்ஆள்:
கணக்குப்பிள்ளை சொல்றது ரெண்டு பேருக்குத்தான். மூணு பேர் உக்காந்தப்போ, தண்டனையை இன்னொருத்தன் வாங்கட்டும்னு ரெண்டு பேரும் காத்திருந்தோம், புளுகினவன் அள்ளிட்டுப் போயிட்டான். அதனால அடுத்து உக்காந்திருக்கவர் மட்டுமே "பொய்"னு சொல்லலாம்னு வைங்க. அவர் விட்டா ஆட்டம் நகரட்டும். யார் முதல்ல கத்தினாங்கன்ற சண்டையும் வராது. இடத்தையும் ஒவ்வொரு சுற்றுலயும் மாத்துங்க, இல்லைன்னா துணிச்சல்காரருக்கு முன்னாடி உக்காந்தவர் பாவம்.

கவிழ்த்தசீட்டு:
புது விதியோட நேத்து ஆடினோம். நான் "நாலு"ன்னதும் அக்கா கையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ரொம்ப நேரம் கழிச்சு "அஞ்சு"ன்னா. நான் விட்டுட்டேன். அவ வச்ச சீட்டு ஒண்ணு.