11ஆம் வகுப்பு ஆங்கிலமும் பூர்வகுடிப் பாடமும்: ரொறன்ரோக் கல்விச் சபை செய்தது சரியா?

வன்னிமகள்:
பூர்வகுடிகளுக்கு இரங்குகிறோம் என்று சொல்லி ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை நம் பிள்ளைகளிடமிருந்து சேக்ஸ்பியரைப் பறித்துவிட்டதாகக் கந்தரோடையான் ஐயா நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2023 பெப்ரவரியில் அச்சபை எடுத்த முடிவு, 11ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடத்திற்குப் பதிலாக, கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடிகள், மேட்டி, இனூயிட் மக்களின் சமகால எழுத்தைப் படிக்கும் ஆங்கிலப் பாடத்தை வைப்பது என்பதுதான். ஒன்ராறியோவில் உயர்பாடசாலைச் சான்றிதழுக்கு நான்கு ஆங்கில கிரெடிட்டுகள் (வகுப்புக்கு ஒரு பாடம்) வேண்டும். அந்த நான்கில் ஒன்றுதான் மாறுகிறது. மற்ற மூன்றில் சேக்ஸ்பியரை யார் தடுத்தார்கள்?

கந்தரோடையான்:
தங்கைக்கு வணக்கம். நான்கில் ஒன்று போனால் எத்தனை மிச்சம் என்பது எனக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு 12ஆம் வகுப்பு ஆங்கிலத்தின் அத்திவாரம் 11ஆம் வகுப்பு. அந்த வருடத்தில் பழைய நாடகத்தோடு மல்லுக்கட்டாத பிள்ளை அடுத்த வருடம் திணறும். பூர்வகுடிகளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. விருப்பப் பாடமாக வைத்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். கட்டாயம் எதற்கு?

வன்னிமகள்:
கைதட்டுவதற்கு யாரும் உங்களைக் கூப்பிடவில்லை, ஐயா. இந்தப் பாடத்தின் பல்கலைக்கழகப் பிரிவை முடித்த பிள்ளை நேரே 12ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் போகலாம் என்று மாகாணப் பாடத்திட்டமே சொல்கிறது. ஆகவே அத்திவாரக் கதையை விடுங்கள். கட்டாயம் எதற்கு என்று கேட்கிறீர்கள். 1920இல் சட்டத்தைத் திருத்திப் பூர்வகுடிப் பிள்ளைகளை, வீட்டிலிருந்து பிரித்து அவர்களின் மொழியையும் பண்பாட்டையும் மறக்கச் செய்த வதிவிடப் பாடசாலைகளுக்குப் போகக் கட்டாயப்படுத்தியது இந்த நாடு. 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றினூடாகப் போனார்கள். நம் வீடுகளிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய பிராண்ட்ஃபோர்டில், மோஹாக் வதிவிடப் பாடசாலையில் நாள்தோறும் ஊற்றிய தண்ணிக் கஞ்சியை வைத்தே பிள்ளைகள் அந்த இடத்துக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். அது 1970 வரை நடந்தது. இதையெல்லாம் அனுபவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எழுதுவதை ஒரு வருடம் படிப்பதற்கா இவ்வளவு புலம்பல்? நான்கில் ஒன்று, ஐயா.

ஸ்காபரோ அப்பா:
இருவரும் மன்னிக்க வேண்டும். என் கேள்வி வேறு. இந்தப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதா என்றுதான் பேசுகிறீர்கள்; பூர்வகுடி மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வட ஒன்ராறியோவில் தங்கள் ஊரில் உயர்பாடசாலை இல்லாததால் தண்டர் பே நகருக்கு வந்து, பழக்கமில்லாத வீடுகளில் தங்கிப் படித்த பிள்ளைகளில் ஏழு பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்தார்கள். 2016இல் மரண விசாரணைச் சான்றாயம் (ஜூரி) 145 பரிந்துரைகளைக் கொடுத்தது. மொழி ஆசிரியர், துணைக்கு ஒரு பெரியவர், ஊரிலேயே பாடசாலை ஆகியவற்றையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

கந்தரோடையான்:
அப்பா சொல்வது நியாயம். நானும் அதைத்தான் சொல்கிறேன். 11ஆம் வகுப்பில் கை வைக்காமல் அந்தக் காசை அங்கே செலவழிக்கட்டும்.

வன்னிமகள்:
நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. மேலே எல்லாம் எழுத்தில் கிடக்கிறது. ஒரு பாடத்திற்குப் பதில் இன்னொரு பாடத்தை வைத்தால் தண்டர் பேக்குப் போக வேண்டிய எந்தக் காசு குறைகிறது? இன்னொன்றும் கேட்கிறேன். தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரத்திற்கு 2021இல் ஒன்ராறியோ சட்டம் இயற்றியபோது, இதை எல்லா இனப் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று இதே குழுவில் பந்தி பந்தியாக எழுதியவர் யார்?

கந்தரோடையான்:
அது ஒரு வாரம். இது ஒரு முழுப் பாடம். வித்தியாசம் தெரியாதவரோடு என்ன வாதம்? மேலும், பொங்கல் விழாவில் உரையாற்ற எனக்கு இடம் தராத நாளிலிருந்தே நான் எது எழுதினாலும் உங்களுக்குக் குற்றமாகத்தான் படுகிறது.

சுழியன்:
அன்று ஐயாவுக்கு இடம் தந்தார்கள். அவர்தான் ஒலிவாங்கியை விடவில்லை.

வன்னிமகள்:
பொங்கல் விழாவை யார் இழுத்தது என்பதை எல்லோரும் பார்க்கட்டும். நம் துயரத்தை ஊரார் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். இந்த மண்ணுக்குரியவர்களின் துயரம் நம் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடம். இதுதான் உங்கள் நியாயம் என்றால் அதை ஒளிக்காமல் எழுதுங்கள், சேக்ஸ்பியரின் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நான்கில் ஒன்று.

கந்தரோடையான்:
மறுபடியும் நானும் சொல்கிறேன்: எந்த ஒன்று என்பதுதான் பிரச்சினை. 9ஆம் வகுப்பில் வைத்திருந்தால் இந்த விவாதமே இல்லை.

வன்னிமகள்:
9இல் வைத்திருந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுமைகளைச் சொல்லலாமா என்று எழுதியிருப்பீர்கள்.

ஸ்காபரோ அப்பா:
நான் கேட்டதற்கு இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வன்னிமகள்:
அதற்கு நீங்கள் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், அண்ணா. இங்கே நான் ஐயாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.