தேடுபொறி மாத்தினேன், பௌர்ணமி தேதிகூட ஒழுங்கா வரல. உதவி தேவை

புதுகை_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் பிள்ளைகள்தான் எனக்கு வாத்தியார்.

அப்பாவுக்கு மூல வியாதி. ஒரு வாரமாக ராத்திரி உட்கார்ந்து லேப்டாப்பில் அதைப் பற்றித்தான் தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அதே லேப்டாப்பை வகுப்பு ஸ்மார்ட்போர்டில் மாட்டி, ஒரு தளத்தில் செய்யுளைத் திறந்தேன். "முதலில் மூலத்தைப் பார்ப்போம், உரை அப்புறம்" என்று நான் வாயை மூடவில்லை, செய்யுளுக்கு மேலே கொட்டை எழுத்தில் "மூலத்துக்கு நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம். அப்புறம் அந்த வகுப்பில் செய்யுள் நடக்கவில்லை.

அன்றைக்கே "உங்களைப் பின்தொடர மாட்டோம்" என்று சொல்லும் ஒரு தேடுபொறிக்கு மாறினேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பௌர்ணமி கிரிவலம் நேரம் கேட்டால் போன வருஷத்துப் பக்கங்கள். மிக்ஸி ரிப்பேர் கடை கேட்டால் எந்த ஊரோ. தமிழில் கேட்டாலே பாதி நேரம் சம்பந்தமில்லாத பக்கம். தனியுரிமையும் வேண்டும், கேட்டதும் கிடைக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லை பேசாமல் கூகுளுக்கே திரும்பிவிடவா?

ரெட்டைவால்:
டீச்சர், இவ்ளோ கஷ்டம் எதுக்கு? கூகுளையே இன்காக்னிட்டோல திறங்க. முடிஞ்சுது.

சர்வர்சாமி:
@ரெட்டைவால் தம்பி, முடியல. இன்காக்னிட்டோ உங்க கம்ப்யூட்டர்ல ஹிஸ்டரி நிக்காம பாத்துக்கும், ஜன்னலை மூடினா குக்கீயும் (தளங்கள் உங்க பிரவுசர்ல விட்டு வைக்கிற சின்ன அடையாளக் குறிப்பு) போயிடும். அவ்வளவுதான். எதிர்முனையில இருக்கிறவனுக்கு உங்க ஐபி (உங்க இணைப்போட முகவரி எண்) தெரியும், தேடின வார்த்தை தெரியும். இதை மறைச்சாங்கன்னு 2020-ல அமெரிக்காவுல கூகுள் மேல வழக்கே போட்டாங்க. 2024-ல சமரசத்துல பழைய பதிவுகளை அழிக்க ஒத்துக்கிட்டாங்க.

டீச்சர், உங்க பிரச்சினை ஒண்ணு இல்ல, ரெண்டு. அதைப் பிரிச்சுக்கங்க.

போர்டுல வந்த விளம்பரம் தேடுபொறியிலிருந்துதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. தேடி, கிளிக் பண்ணி, ஏதோ ஒரு வைத்தியத் தளத்துக்குள்ள போயிருப்பீங்க. அங்க இருக்கிற விளம்பர டிராக்கர் உங்க பிரவுசர்ல ஒரு குக்கீயைப் போட்டிருக்கும். அதே விளம்பர வலை செய்யுள் தளத்துலயும் இருந்தா, லேப்டாப் திறந்த உடனே ஆளை அடையாளம் கண்டுபிடிச்சிடும். நீங்க எந்தப் பொறில தேடியிருந்தாலும் இது நடந்திருக்கும். இதுக்கு மருந்து பிரவுசர்ல. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு, அதுல யூபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பானைச் சேருங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு தனி புரொஃபைல் வைங்க. வீட்டுக் குக்கீ அங்க வராது.

தேடல் ரிசல்ட் நல்லா வரலங்கிறது வேற கதை. அதுக்கு யாராவது விளக்கமா எழுதுங்கப்பா, எனக்கு டியூட்டி.

கம்பிவலை:
நான் எழுதுகிறேன். தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும்போது "என்னைக் கண்காணிக்குமா" என்று மட்டும் கேட்கிறோம். "உன் சரக்கு யாருடையது" என்றும் கேட்க வேண்டும். இணையம் முழுவதையும் ஊர்ந்து, அதாவது பக்கம் பக்கமாக மென்பொருளால் படித்து, அட்டவணை போடுவது பெரும் செலவு. அதனால் கடைப் பலகை வேறாக இருந்தாலும் சரக்கு ஒரே மண்டியிலிருந்துதான் வரும்.

டக்டக்கோ 2008-ல் தொடங்கியது. அதன் வழக்கமான இணைப்புகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் இகோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் கூடவே படுத்தன. ஆக, பிங்கில் தமிழ் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் இங்கேயும்.

ஸ்டார்ட்பேஜ் நெதர்லாந்துக்காரர்கள். உங்கள் ஐபியைக் கழற்றிவிட்டு, கேள்வியை மட்டும் பெரும்பாலும் கூகுளிடம் கொடுத்து வாங்கி வருவார்கள். தமிழ்த் தேடலுக்கு என் கையிருப்பு இதுதான். 2019-ல் இதில் பணம் போட்டது சிஸ்டம்1 என்ற விளம்பர நிறுவனத்தின் துணை நிறுவனம். அதனால் சிலருக்கு இதன் மேல் சந்தேகம் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பிரேவ் தேடுபொறி 2021-ல் வந்தது. 2023-லிருந்து பிங்கை விட்டுவிட்டு முழுக்கச் சொந்த அட்டவணை. இங்கிலாந்தின் மோஜீக்கும் சொந்தமாக ஊர்கிறது. இந்த இரண்டும் யாரையும் அண்டிப் பிழைக்கவில்லை என்பதால் எனக்கு மரியாதை உண்டு. ஆங்கிலத்தில் தொழில்நுட்பக் கேள்விக்கு பிரேவ் எனக்குப் போதும். நம்மூர் மிக்ஸி கடைக்கு இரண்டையும் நம்பிப் போக மாட்டேன்.

பழைய தேதி வருவதற்கு முதலில் இதைப் பாருங்கள்: தேடல் முடிவுகளுக்கு மேலே நாடு தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும், அதை இந்தியா ஆக்குங்கள். பக்கத்திலேயே காலம் தேர்ந்தெடுக்கும் இடம், அதில் "கடந்த மாதம்". உங்களைத் தெரியாத பொறிக்கு நீங்கள் புதுக்கோட்டையா போர்ச்சுகலா என்று தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். குக்கீயை அழித்தால் இந்த அமைப்பும் போய்விடும் என்பது ஒரு தொல்லை.

ரெட்டைவால்:
ஆமா, நான் என்ன தேடினா யாருக்கு என்ன வந்துச்சு? பேரு போட்டா தேடறோம்?

கம்பிவலை:
2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று சுமார் 6,50,000 பேரின் 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற எண்ணுக்குரிய தேடல்களைப் படித்துப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 62 வயது அம்மா ஒருவர். அவர் தேடியது ஊர், உறவினரின் குடும்பப் பெயர், உடம்பு உபாதை, நாய். நாமும் அதைத்தானே தேடுகிறோம்.

எழுத்துப்பூச்சி:
டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க பதிவுல இருக்கிற "பௌர்ணமி" சரி. ஆனா தேடும்போதும் இப்படித்தான் அடிக்கிறீங்களா? ஒரு சோதனை. தேடுற பெட்டியில அந்த முதல் எழுத்தை மட்டும் அடிச்சு, ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்க. "ப" மிச்சமிருந்தா சரி. "பெ" மிச்சமிருந்தா நீங்க அடிச்சது ஔகாரக் குறி இல்ல, கொம்பு போட்டுப் பக்கத்துல ளகரம்.

கண்ணுக்கு பௌர்ணமி, பெளர்ணமி ரெண்டும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது "பெ-ள-ர்-ண-மி", அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. கூகுள் இத்தனை வருஷம் நம்ம தப்பைப் பாத்துப் பாத்துப் பழகி, சத்தமில்லாம திருத்திக் கொடுத்துடும். மத்ததுங்க அடிச்சதை அடிச்சபடியே எடுத்துக்கும். அப்ப வலையில வேற யாரு அதே தப்போட எழுதினாங்களோ அவங்க பக்கம்தான் மேல வரும். சௌசௌ கூட்டு தேடினாலும் இதே கதி.

புதுகை_டீச்சர்:
ஐயோ! "பெ" தான் நிற்கிறது!! பதிவில் இருப்பது போனில் எழுதியது, அதனால் சரியாக வந்திருக்கிறது. லேப்டாப்பில் டைப்ரைட்டர் விசைப்பலகை. லோயர் பாஸ் பண்ணின காலத்திலிருந்து கொம்பு, ப, ள என்றுதான் விரல் போகும். இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ஔகாரக் குறி வேறு, ளகரம் வேறு என்று பிரம்பில்லாத குறையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். இது என் வகுப்புக்குத் தெரிய வேண்டாம்.

எழுத்துப்பூச்சி:
இன்னொண்ணு டீச்சர், வேற்றுமை உருபைக் கழட்டிட்டுத் தேடுங்க. "புதுக்கோட்டையில் மிக்ஸியை ரிப்பேர் செய்யும் கடைகள்"னு வாக்கியமா அடிக்காம "புதுக்கோட்டை மிக்ஸி ரிப்பேர்". சின்னப் பொறிங்களுக்கு "புதுக்கோட்டையில்" வேற சொல், "புதுக்கோட்டை" வேற சொல்லாத் தெரியலாம்.

மேகக்கணியன்:
காசு கொடுக்கத் தயார்னா காகின்னு ஒரு தேடுபொறி இருக்கு. விளம்பரமே கிடையாது. மாசம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு கணக்கில்லை. பிடிக்காத தளத்தை மொத்தமா ஒளிச்சு வைக்கலாம். நான் கட்டுறேன். ஆனா கணக்குத் திறந்து பணம் கட்டி ஆளைக் காட்டிட்டு தனியுரிமை தேடறது கொஞ்சம் விசித்திரம்தான், ஒத்துக்கிறேன். அதுக்கு பிரைவசி பாஸ்னு, தேடினது எந்தக் கணக்குன்னு அவங்களுக்கே தெரியாதபடி தேடற ஒரு வழி 2025-ல கொண்டுவந்தாங்க. பிரிச்சு மேஞ்சவங்க சொல்லுங்க.

சர்வர்சாமி:
டீச்சருக்கு அது வேணாம், 10 டாலர்னா 800 ரூபாய்க்கு மேல. யாராவது சியர்க்ஸ்என்ஜியை (நமக்காகப் பல தேடுபொறிகள்கிட்ட கேட்டு வாங்கித் தர்ற இலவச மென்பொருள்) சொந்தமா நிறுவச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: வீட்டுல ஒருத்தருக்காக மட்டும் ஓட்டினா, உங்க தேடல் எல்லாம் உங்க ஒரே ஐபியிலிருந்துதான் போகும். கூட்டமே இல்லாத இடத்துல முகமூடி போட்டு நிக்கிற மாதிரி.

என் வழி: டக்டக்கோவை டீஃபால்ட்டா வைங்க. தமிழ்ல கேட்டு சரியா வரலன்னா, கேள்வியோட கடைசில ஒரு இடைவெளி விட்டு ஆச்சரியக்குறி, அதை ஒட்டி ஆங்கில எஸ், பி. ஸ்டார்ட்பேஜுக்குப் போயிடும். இதுக்கு பேங்னு பேரு. எஸ், பிக்குப் பதிலா ஜி போட்டா கூகுளுக்கே போகும், ஆனா அப்ப கூகுளுக்கு நீங்க யாருன்னு தெரியும், அதை மறக்காதீங்க. கடை, பஸ் ஸ்டாண்ட், மெடிக்கல் ஷாப் இதுக்கெல்லாம் தேடுபொறியோட மல்லுக்கட்டாம மேப் ஆப்பைத் திறந்துடுங்க. அப்பா உடம்பு பத்தித் தேடறது மட்டும் எப்பவும் தனி புரொஃபைல்ல.

புதுகை_டீச்சர்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பரீட்சை விடைத்தாள். சாமி சொன்னபடியே வைத்தேன். எண்ணிப் பார்த்ததில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் ஸ்டார்ட்பேஜ் தேவைப்படுகிறது, எல்லாமே தமிழ்க் கேள்விகள். நாட்டை இந்தியா என்று மாற்றியதும் மற்றவை பரவாயில்லை. மிக்ஸியை மேப் பார்த்துக் கொடுத்துவிட்டேன், இன்னும் திரும்பி வரவில்லை, அது தேடுபொறி குற்றமில்லை.

ஸ்மார்ட்போர்டில் தனி புரொஃபைல். நேற்று அதே செய்யுள் தளம், அதே பக்கம். மேலே விளம்பரம் இருந்த இடம் வெறும் வெள்ளை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், மூலம் குணமாயிடுச்சு போல."