நாய்ப் பயிற்சிக்கு ஒப்பந்தப் படிவம் எழுத உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கோவையில் வீடுகளுக்குப் போய் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நம் நாட்டில் இந்த வேலைக்கென்று உரிமம் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க ஒரு தமிழ்ப் படிவம் தயாரிக்கிறேன்.

அடி, கழுத்தை இறுக்கும் சங்கிலி, ஷாக் காலர் (மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) எதுவும் கிடையாது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஷாக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. இங்கே விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11-இன்படி நாயை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். இதில் எனக்குக் குழப்பமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். திடீரென்று கடிக்கத் தொடங்கிய நாய்க்குக் காதில் சீழோ இடுப்பில் வலியோ இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்றால், "அப்புறம் நீங்க எதுக்கு?" என்று கோபிக்கிறார்கள். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுப்பது கொடுமை. இதை அவர்கள் மனம் நோகாமல் எப்படி எழுதலாம்? நாய் முன்பு யாரையாவது கடித்திருந்தால் மறைக்கக் கூடாது என்ற நிபந்தனை சட்டப்படி செல்லுமா? ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்ற உத்தரவாதமும் தரமாட்டேன். அதற்கும் நல்ல வாசகம் வேண்டும்.

இப்படிப் படிவம் வைத்திருப்பவர்கள் பகிருங்கள். குழுவில் வழக்கறிஞரோ கால்நடை மருத்துவரோ இருந்தால், என் வரைவை ஒருமுறை படித்துப் பார்ப்பீர்களா?