கிராம சபையில் கன்னடம் பேசும் பெண்கள்: சொந்த மொழியில் மனு கொடுக்கலாமா?

கேள்வி (மகளிர் குழு ஊக்குநர், தாளவாடி)

வணக்கமுங்க. எங்கள் பக்கம் கர்நாடக எல்லை, பல வீடுகளில் கன்னடம்தான். ஆண்கள் சத்தியமங்கலம், சந்தை என்று போய்வந்து தமிழ் பழகிவிட்டார்கள். பெண்களுக்கு, அதிலும் சோளகர் பழங்குடி வீட்டுப் பெண்களுக்கு, அந்த வாய்ப்பு குறைவு.

போன கிராம சபையில் ஓர் அக்கா எழுந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வருவதில்லை, விடியலில் கிணற்றுக்குப் போனால் யானை நிற்கிறது, பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கன்னடத்தில் விவரமாகச் சொன்னார். மேசையில் இருந்தவர் அக்காவின் மகனைப் பார்த்து, "என்னப்பா சொல்றாங்க?" என்றார். "தண்ணிப் பிரச்சினைங்க" என்று அவன் முடித்துவிட்டான். தீர்மானப் புத்தகத்தில் அதுகூட ஏறவில்லை. கடைசியில் படித்துக் காட்டாமலே அக்காவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று சொல்லலாமா?

பதில் (வழக்கறிஞர், கோபி)

சொல்லக் கூடாதுங்க. அரசியலமைப்பின் 350-வது பிரிவுப்படி, குறைதீர்க்கும் மனுவை இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும் என்று அதில் இல்லை. அதனால் தமிழ்ப் படி ஒன்றும் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றி 1956-இல் சேர்த்த 350ஏ பிரிவைப் பள்ளிக்கூடத்துக்காக எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். அம்மாமாரின் மனுவுக்கு 350-ஐ யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

பதில் (இருளர் பெண், ஆனைகட்டி)

அக்கா, எங்கள் பேச்சுக்குத் தனி எழுத்து கிடையாது. அதனால் சபைக்கு முன்னாலேயே பதியில், அதாவது எங்கள் குடியிருப்பில், பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேசி, தமிழ் தெரிந்த ஒருத்தியை எழுதச் சொல்வோம். சபையிலும் அவளே எடுத்துச் சொல்வாள். மகனையோ வீட்டுக்காரரையோ விடவே விடாதீர்கள். கழிப்பறை, சாராயக் கொடுமையெல்லாம் அவர்கள் வாயால் எப்படி வரும்?

வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிப்படி, வன உரிமை பற்றிப் பேசும் கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அதற்காக எங்களைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் நாங்கள் சொன்னதையும் எழுத வேண்டுமல்லவா!

கேட்டவர்

நல்லதுங்க. அக்டோபர் 2 சபைக்கு முன்னால் குழுவைக் கூட்டுகிறேன். கன்னடப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளே எழுதட்டும். போன சபைத் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

பதில் (வழக்கறிஞர், கோபி)

தாராளமாகக் கேட்கலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். ஆனால் இந்தத் தகவல் மனு மட்டும் தமிழ், ஆங்கிலம், இந்தி இவற்றில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. 2005 சட்டத்தின் 6-வது பிரிவிலேயே அது இருக்கிறது. அந்த அக்காவையே கூட்டிப்போங்கள்.